32 பாயிண்ட் எடுத்தவரும் 9 பாயிண்ட் எடுத்தவரும்

"எண்கள் பொய் சொல்லாது" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் பி.பி. ஏறுகிறது. பொய் சொல்லாதுதான். ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நாம் ஒருத்தரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவோம், இன்னொருத்தரை பெஞ்சில் உட்கார வைப்போம். பாஸ்கெட்பாலில் இது நடக்கிற அளவுக்கு வேறு எந்த ஆட்டத்திலும் நடப்பதில்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

"பொட்டி தட்டுற உனக்கு பாஸ்கெட்பால் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. மும்பையில் எங்கள் காம்பவுண்டுக்குள் கிரிக்கெட் ஆடத் தடை. கார் கண்ணாடி உடையுமாம். ஒரு ஓரத்தில் கம்பம் நட்டு வளையம் மாட்டியிருக்கிறார்கள். நாலு சுவருக்குள் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஆட்டம் அதுதான். அதனால் அப்பன்மார்களுக்கும் அதுவே.

சரி, மேட்டருக்கு வருவோம்.

என்.பி.ஏ. மேட்ச் முடிந்ததும் பாக்ஸ் ஸ்கோர் என்று ஒரு அட்டவணை வரும். இடது பக்கம் ஆட்டக்காரர் பெயர். அவர் எத்தனை நிமிஷம் ஆடினார், எத்தனை ஷாட் போட்டு எத்தனை விழுந்தது, அதில் மூணு பாயிண்ட் ஷாட் எத்தனை, ஃப்ரீ த்ரோ எத்தனை, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், பந்தைப் பறிகொடுத்த டர்ன் ஓவர், ஃபவுல், மொத்தப் பாயிண்ட். 2007-08 சீசனிலிருந்து பிளஸ்-மைனஸ் என்று இன்னொரு கட்டமும் உண்டு. அவர் உள்ளே ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அணி எதிரணியை விட எத்தனை பாயிண்ட் கூடுதலாக எடுத்தது, அல்லது குறைவாக எடுத்தது என்பதற்கான கணக்கு அது.

அருமையான தாள். அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் அதைப் படிக்கிற நம் மேல்தான். பத்துப் பன்னிரண்டு கட்டத்தில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் நம் கண் பார்க்கிறது. "யாரு டாப் ஸ்கோரர்?" முடிந்தது கதை.

இதற்குக் காரணம் கிரிக்கெட் என்று நினைக்கிறேன். நாம் ஸ்கோர் கார்டு படித்துப் பழகியதே அதில்தான். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தும் ஒரு தனிச் சண்டை. போட்டது யார், அடித்தது யார், எத்தனை ரன், எல்லாம் பெயரோடு எழுதப்படுகிறது. அடித்தவன் கணக்கில் வராத ரன்னுக்குக்கூட பை, வைடு என்று தனி வரி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை நம்பலாம். பாஸ்கெட்பாலில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள், பந்து ஒருத்தரிடம்தான் இருக்கிறது. மற்ற ஒன்பது பேர் செய்வதில் முக்கால்வாசி எந்தத் தாளிலும் ஏறாது. 2019 அக்டோபரில் மும்பைக்கு என்.பி.ஏ. வந்தது. வோர்லியில் இருக்கும் என்.எஸ்.சி.ஐ. அரங்கில் இண்டியானா பேசர்ஸும் சாக்ரமெண்டோ கிங்ஸும் இரண்டு மேட்ச் ஆடினார்கள். முதல் மேட்ச் ஓவர்டைமில் 132-131, இரண்டாவது 130-106, இரண்டிலும் இண்டியானாவுக்கே வெற்றி. இரண்டாவது மேட்சில் எனக்குப் பக்கத்து சீட்காரர் முழு சீரியஸாகக் கேட்டார்: "இதுல செஞ்சுரி மாதிரி ஏதாவது உண்டா?" சிரித்துவிட்டேன். ஆனால் இந்த ஆட்டத்தை நாடே அந்தக் கண்ணால்தான் பார்க்கிறது.

இப்போது ஒரு தாளை எடுத்து வைக்கிறேன். 2016 ஜூன் 19, ஓக்லண்ட், என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் ஏழாவது மேட்ச். நமக்கு அது 20ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி. சோனி சிக்ஸில் பார்த்துவிட்டு ஆபீசுக்கு லேட்டாகப் போனவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அந்த சீசனில் 73 வெற்றி, 9 தோல்வி என்று சாதனை செய்துவிட்டு வந்திருந்தது. இறுதிச் சுற்றிலும் 3-1 என்று முன்னே இருந்தது. கிளீவ்லண்ட் கவாலியர்ஸ் அடுத்த இரண்டையும் ஜெயித்து 3-3 ஆக்கியிருந்தது.

முடிவு தெரியாத ஒருவரிடம் அந்த மேட்ச்சின் தாளை நீட்டி, "ஜெயித்த அணியில் இருப்பவர் யார்?" என்று கேளுங்கள். விரல் நேராக டிரேமண்ட் கிரீன் மேல் போய் நிற்கும். 32 பாயிண்ட், 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். 15 ஷாட் போட்டு 11 விழுந்திருக்கிறது, மூணு பாயிண்ட் ஷாட் 8-க்கு 6. இதைவிட அழகான வரி அந்தத் தாளில் இல்லை. கிரீன் வாரியர்ஸ்காரர். வாரியர்ஸ் 89-93 என்று தோற்றது.

அடுத்து, கெவின் லவ்வின் வரி. கிளீவ்லண்ட். 9 பாயிண்ட். 9 ஷாட் போட்டதில் 3 விழுந்தது. மூணு பாயிண்ட் ஷாட் மூன்று முயற்சி, மூன்றும் போச்சு. நம்ம வாட்ஸ்அப் குரூப் கண்ணுக்கு இவர் அன்றைக்குச் சொதப்பியவர். அதே வரியில் இரண்டு கட்டம் தள்ளிப் பாருங்கள். ரீபவுண்ட் 14. பிளஸ்-மைனஸ் +19, அந்த மேட்சிலேயே அதுதான் அதிகம். நாலு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்த அணி, இவர் உள்ளே இருந்தபோது 19 கூடுதலாக எடுத்தது என்றால், இவர் வெளியே உட்கார்ந்திருந்தபோது 15 பின்தங்கியது என்று அர்த்தம். (ஒரே மேட்ச் பிளஸ்-மைனஸை வைத்துக் கோயில் கட்டவும் கூடாது. கூட ஆடும் நாலு பேரைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். ஆனால் திரும்பிப் பார்க்க வைக்கும் எண் அது.)

இவர் முன்பு மினசோட்டாவில் இருந்தபோது பாயிண்ட் இயந்திரம். 2010 நவம்பரில் ஒரே மேட்சில் 31 பாயிண்ட், 31 ரீபவுண்ட். 2013-14 சீசனில் சராசரி 26.1 பாயிண்ட். அங்கே இருந்த ஆறு சீசனில் அந்த அணி ஒரு முறைகூட பிளே-ஆஃப் சுற்றுக்குள் போகவில்லை. 9 பாயிண்ட் எடுத்த அன்று சாம்பியன்.

சரி, வாரியர்ஸ் எப்படித் தோற்றது? டிவியில் பேசியவர்கள் ஆளாளுக்கு "மனோதிடம்", "விதி" என்றெல்லாம் சொன்னார்கள். தாளை வைத்து மூன்று கூட்டல் கழித்தல் போதும். மூணு பாயிண்ட் ஷாட்டில் வாரியர்ஸ் 41-க்கு 15, கிளீவ்லண்ட் 25-க்கு 6. அதில் வாரியர்ஸுக்கு 27 பாயிண்ட் லாபம். இரண்டு பாயிண்ட் ஷாட்டில் கிளீவ்லண்ட் 27 கூடை, வாரியர்ஸ் 17 கூடை. 20 போச்சு. ஃப்ரீ த்ரோ கிளீவ்லண்ட் 21, வாரியர்ஸ் 10. இன்னொரு 11 போச்சு. 27-இல் 31 போனால் மைனஸ் 4. தூரத்திலிருந்து வாங்கியதை எல்லாம் வளையத்துக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டார்கள். புள்ளிவிவரமே வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும் என்கிற கோஷ்டிக்கு இந்தப் பத்தி சமர்ப்பணம். கண் 41 ஷாட்டை எண்ணாது.

ஆனால் தாளில் ஏறவே ஏறாத விஷயம் இருக்கிறதே, அங்கேதான் என் வாதம்.

கடைசி 4 நிமிஷம் 39 வினாடி வாரியர்ஸ் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. 89-89. இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஆண்ட்ரே இகுவடாலா பந்தோடு தனியாக ஓடி வளையத்துக்குக் கீழே எழும்புகிறார். பின்னாலிருந்து பாய்ந்து வந்த லெப்ரான் ஜேம்ஸ் பந்தைப் பலகையோடு வைத்து அடிக்கிறார். உலகம் முழுக்கப் போஸ்டராக ஒட்டப்பட்ட பிளாக். தாளில் அது என்ன? லெப்ரானின் பிளாக் கட்டத்தில் இருக்கும் "3"-இல் ஒன்று. எப்போது, என்ன ஸ்கோரில் என்பதெல்லாம் கிடையாது. போகட்டும், ஒன்று என்றாவது எழுதினார்கள். அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். லெப்ரானுக்கு முன்னால் ஜே.ஆர். ஸ்மித் ஒருத்தர் குறுக்கே எழும்பியிருப்பார். அவரைத் தவிர்க்க இகுவடாலா அந்தரத்தில் பந்தைக் கீழே இழுத்து மறுபடி மேலே கொண்டுபோவார். அந்த அரை வினாடிதான் லெப்ரானுக்குக் கிடைத்த நேரம். அந்த எழும்பலுக்கு ஸ்மித்தின் வரியில் ஒரு புள்ளிகூட இல்லை.

அதற்கப்புறம் 53 வினாடி இருக்கும்போது கைரி இர்விங் மூணு பாயிண்ட் ஷாட் போட்டார். 92-89. பதிலுக்கு வாரியர்ஸ் பந்தை ஸ்டெஃபன் கரியிடம் கொடுத்தது. அந்த சீசனில் 402 மூணு பாயிண்ட் ஷாட் போட்ட மனுஷன். அவர் எதிரில் வந்து மாட்டியது யார்? நம்ம லவ். குண்டு உடம்பு, மெதுவான கால், டிஃபென்ஸ் வராது என்று ஊரே திட்டிய ஆள். கரி இடம் வலம் ஆட்டிப் பார்த்தார், கிரீனிடம் கொடுத்து திரும்ப வாங்கினார், மறுபடி ஆட்டினார். லவ் விடவே இல்லை. கடைசியில் கரி அவசரமாகப் போட்ட ஷாட் விழவில்லை. அந்த மேட்ச்சின் தலையெழுத்தை முடிவு செய்த சில வினாடிகள். தாள் என்ன சொல்கிறது? "கரி, 19-க்கு 6". அவ்வளவுதான். லவ் பெயர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை. செய்தவன் கணக்கில் வராமல் தோற்றவன் கணக்கில் மட்டும் வருகிற வேலைக்குப் பெயர்தான் டிஃபென்ஸ்.

இது இன்றைக்கு நேற்று வந்த வியாதி இல்லை. 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்கிற சின்ன ஊரில் வில்ட் சேம்பர்லைன் ஒரே மேட்சில் 100 பாயிண்ட் எடுத்தார். 63 ஷாட்டில் 36, ஃப்ரீ த்ரோ 32-க்கு 28. பிலடெல்பியா 169, நியூயார்க் 147. 100 தெரியாத ரசிகன் கிடையாது. ஆனால் அதன் கடைசி நிமிஷங்கள் ஆட்டமாகவே இல்லை. வில்ட்டிடம் பந்து போகக்கூடாது என்று நியூயார்க் மற்றவர்களை ஃபவுல் செய்ய, பந்து திரும்பி வரவேண்டும் என்று ஜெயித்துக்கொண்டிருந்த பிலடெல்பியாவும் ஃபவுல் செய்தது. அந்த சீசனில் வில்ட்டின் சராசரி 50.4. அதை இன்றுவரை யாரும் தொடவில்லை. சரி, அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது? பாஸ்டனின் பில் ரஸலுக்குப் போனது. அப்போது ஓட்டுப் போட்டது கூட ஆடுகிற ஆட்டக்காரர்களே. கோப்பையும் பாஸ்டனுக்கே. ரஸல் 13 சீசனில் 11 கோப்பை வென்றவர். அவருடைய பெரிய ஆயுதம் பிளாக். என்.பி.ஏ. பிளாக்கையும் ஸ்டீலையும் எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில், ரஸல் ஓய்வு பெற்று நாலு வருஷம் கழித்து. அதிகாரபூர்வக் கணக்கின்படி அவர் வாழ்நாளில் ஒரு பிளாக்கூடச் செய்யவில்லை. என்னத்தைச் சொல்ல!

எதை எண்ணுகிறோமோ அதற்காக ஆடுகிற கூத்தும் நடந்திருக்கிறது. 2003 மார்ச்சில் கிளீவ்லண்டின் ரிக்கி டேவிஸுக்கு டிரிபிள் டபுள் (மூன்று கட்டத்தில் இரட்டை இலக்கம்) வர ஒரே ஒரு ரீபவுண்ட் குறைந்தது. யூட்டாவுக்கு எதிராக அணி 25 பாயிண்ட் முன்னிலை, மேட்ச் முடியப் போகிறது. மனுஷன் திரும்பி, தன் அணி காக்க வேண்டிய வளையத்திலேயே பந்தை எறிந்து தானே பிடித்தார். கடுப்பான யூட்டா ஆட்டக்காரர் ஒருவர் வந்து ஃபவுல் போட்டார். சொந்த அணியே டேவிஸுக்கு 25,000 டாலர் அபராதம் விதித்தது. இருபது வருஷம் கழித்து, 2023 மார்ச்சில், யானிஸ் அண்டெடகூன்போ மாதிரி ஒரு மகா ஆட்டக்காரரே பத்தாவது ரீபவுண்டுக்காகப் பந்தைப் பலகையில் எறிந்து தானே எடுத்தார். அது ஷாட்டே இல்லை என்று என்.பி.ஏ. மறுநாள் அந்த ரீபவுண்டை அழித்துவிட்டது.

சிரிக்கிற கட்டம் இதோடு முடிந்தது. இந்த எண்களின் மேல் இப்போது பணம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் எந்த அணி ஜெயிக்கும் என்பதற்கு மட்டும் பந்தயம் இல்லை. இன்னார் இத்தனை பாயிண்டுக்கு மேலா கீழா, இத்தனை ரீபவுண்டுக்கு மேலா கீழா என்று ஒரு ஆளின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பந்தயம். டொராண்டோ அணியில் ஜாண்டே போர்ட்டர் என்று ஒரு மாற்று ஆட்டக்காரர். 2024 மார்ச் 20 அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லி மூன்று நிமிஷத்திலேயே வெளியே போய்விட்டார். அவருடைய எண்கள் குறைவாகத்தான் வரும் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். ஜெயித்திருந்தால் 11 லட்சம் டாலர். அடுத்த மாதம் என்.பி.ஏ. போர்ட்டருக்கு ஆயுள் தடை விதித்தது. ஜூலையில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தாளில் அவர் வரி அன்றைக்கு வெறும் மோசமான வரி. எண்கள் பொய் சொல்லாதாமே!

இங்கேயும் அந்தப் பேய் வந்து போனது. ஃபேண்டஸி ஆப்பில் காசு கட்டி, காலையில் அணி போட்டுவிட்டு, லோக்கல் டிரெயினில் தொங்கிக்கொண்டே யாருக்கு எத்தனை ரீபவுண்ட் என்று பார்த்த ஆபீஸ் நண்பர்களை எனக்குத் தெரியும். மேட்ச் பார்க்க மாட்டார்கள், எண் மட்டும் பார்ப்பார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்த பிறகு அந்தக் கடையெல்லாம் மூடியாயிற்று. கடை மூடினாலும் கண்ணுக்கு வந்த பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கம் இப்போது நம் பிள்ளைகள் மேல் விழுகிறது. நான் இவ்வளவு கத்துவதே அதற்காகத்தான்.

எங்கள் பக்கத்துப் பயிற்சி மையம் ஒன்று (பெயர் வேண்டாம்) ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குரூப்பில் ஒரு பட்டியல் போடுகிறது. பெயர், அதற்கு நேரே பாயிண்ட். முடிந்தது. போன சீசன் பதினாலு வயசுக்குட்பட்ட பெண்கள் அணியை அதைப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் நாலாவது மாடியில் கரூர்க்காரர் குடும்பம் ஒன்று. அவர்கள் பெண் வெளியே. காரணம், மேட்சுக்கு ரெண்டு பாயிண்ட்தான் எடுக்கிறாள். அவள் எதிரணியின் பெரிய ஷூட்டரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு, பந்தே வாங்க விடாமல் செய்வதை நான் வாரா வாரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கோச்சிடம் போய்க் கேட்டேன். நல்ல மனுஷன், மழுப்பவில்லை. "அதையெல்லாம் யார் சார் எழுதுவது?" என்றார் இந்தியில்.

சரி, கோச்சை விடுங்கள். பெண்ணின் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ஷீட்டுல இல்லாததை எப்படிங்க நம்பறது? நீ டிஃபென்ஸெல்லாம் விட்டுட்டு ஷாட் போடுன்னு சொல்லிட்டேன்." மார்க் ஷீட்டைப் பார்த்தே ஊர்விட்டு ஊர் வந்து நிலைத்தவர்கள் நாம். சிமெண்ட் தரையில் ஓடுகிற பிள்ளையையும் அதே கண்ணால் படிக்கிறோம். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் கோர்ட்டைச் சுற்றி நின்று பாருங்கள். தமிழ், மராத்தி, மலையாளம், எல்லாப் பாஷையிலும் ஒரே கூச்சல்: "ஷூட்! ஷூட்!" பத்துப் பிள்ளைகளும் ஷூட் பண்ணினால் பந்தை யார் எடுத்துக் கொடுப்பது? அந்தப் பெண்ணும் போன வாரம் நடுக் கோர்ட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிந்துகொண்டிருந்தாள். அவள் விட்டுவிட்டு வந்த ஷூட்டர் அந்தப் பக்கம் நிம்மதியாகக் கூடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் எழுதுவது" என்கிற கேள்விக்கு என்.பி.ஏ.வே 2016 பிளே-ஆஃபில் ஒரு பதில் சொல்லிவிட்டது. பாஸைத் தட்டிவிட்டது எத்தனை, எதிராளி ஷாட் போடும்போது கையை நீட்டி மறித்தது எத்தனை, கேட்பாரற்று உருண்ட பந்தைப் பாய்ந்து எடுத்தது எத்தனை, ஓடி வருகிறவன் வழியில் நின்று இடி வாங்கியது எத்தனை என்று தனியாக எண்ணி வெளியிட ஆரம்பித்தார்கள். அவர்களிடம் கேமரா இருக்கிறது, ஆள் இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? மேட்ச் முழுக்க மொபைலை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபது அப்பா அம்மாக்கள் இருக்கிறார்கள்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தட்டிவிட்டது, மறித்தது, பாய்ந்து எடுத்தது, இடி வாங்கியது என நாலு கட்டம். பாயிண்டுக்குக் கட்டம் கிடையாது, அதைத்தான் குரூப்பில் போடுகிறார்களே. கரூர்க்காரரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். முதல் வாரம் "மறித்தது"க்கும் "தட்டிவிட்டது"க்கும் வித்தியாசம் கேட்டுப் பத்து தடவை என் கையைச் சுரண்டினார். இரண்டாவது வாரம் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த தேர்வு நடக்கும்போது அந்த நோட்டை கோச் மேஜையில் கொண்டுபோய் வைப்பதாகத் திட்டம். பார்க்கிறாரா, தூக்கி ஓரமாக வைக்கிறாரா என்று வந்து சொல்கிறேன். செம்பூர், முலுண்ட், டோம்பிவிலிப் பக்கம் இதே பட்டியல் தொல்லையில் மாட்டியிருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கட்டம் போட்ட பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன்.